பத்தில் நாலு போய் மூணு வந்தால்

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சரியாகப் போட்ட கணக்கைத் தவறென்று சிவப்பு மையால் அடித்தேன். வகுப்பே சிரிக்கும்படி அவளைக் கேலி செய்தேன். அவள் போயிருக்க வேண்டிய கணிதப் போட்டிக்கு வேறொருத்தியை அனுப்பினேன். இவ்வளவும் அறியாமல் செய்தவை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி என்று பதினோராம் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கணக்கு இதுதான்: 10 − 4 + 3.

மணமேல்குடிப் பக்கம், கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஒன்றியப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியர். கணிதத்தில் பட்டம் பெற்றவன். நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயர் பொய்யில்லை. வகுத்தல் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் பிள்ளைகளை இரண்டு மாதத்தில் பலகைக்கு முன்னால் வந்து நிற்க வைத்திருக்கிறேன். ஒரே கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி எல்லாம் கலந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதுதான் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய குழப்பம். ஆங்கில எழுத்துகளைக் கோத்து ஒரு சொல்லாக்கி மனப்பாடம் பண்ண வைப்பது வழக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஏதோ மருந்துப் பெயர் போலத்தான் இருந்தது. ஆகவே நான் கையைத் தூக்கச் சொன்னேன்.

கட்டை விரல் அடைப்பு. ஆட்காட்டி விரல் வகு. நடுவிரல் பெருக்கு. மோதிர விரல் கூட்டு. சுண்டு விரல் கழி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் விடை கைக்குள் இருக்கிறது என்று பொருள். பிள்ளைகள் மூடிய கையை ஆட்டிக்கொண்டு விடையைக் கத்துவார்கள்.

இதில் ஒரே ஒரு தொந்தரவு. மோதிர விரலை மடக்கினால் சுண்டு விரலும் கூடவே மடங்கிவிடும். யார் கையிலும் அப்படித்தான். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். கூட்டல் முடியும்வரை சுண்டு விரலை இடது கையால் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். "அவன் அவசரக்காரன். விட்டா மடங்கிருவான், புடிச்சு வையிங்க" என்பேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் இந்த ஐந்து விரலைச் செய்து காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சுற்று வட்டாரத்தில் பல பள்ளிகளில் அது பரவியது.

புதுக்கோட்டையில் கணிதப் போட்டி வந்தது. பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். எங்கள் பள்ளியில் அதற்குத் தகுதியான இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். ஒருத்தியின் அத்தா பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். அவள் புதுக்கோட்டையைப் பார்த்ததே இல்லை. 'சார், அங்க போனா ரயில் பாக்கலாமா சார்?' என்று இரண்டு முறை கேட்டிருந்தாள். இருவருக்கும் பத்துக் கணக்கு கொடுத்தேன். ஒன்பதில் இருவரும் சரி. மீதி ஒன்றில் டீக்கடைக்காரர் மகள் 9 என்று போட்டிருந்தாள். மற்றவள் 3 என்று போட்டிருந்தாள். ஒன்பதை அடித்தேன்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தாள்.

"சார், இது சரிதானே சார்?"

"கூட்டல் முன்னாடியா, கழித்தல் முன்னாடியா?"

"கூட்டல் சார்."

"அப்ப நாலும் மூணும்?"

"ஏழு."

"பத்துல ஏழு போனா?"

"மூணு சார். ஆனா சார்…" அவள் நகரவில்லை. "எங்க கடைத் தட்டுல பத்து வடை இருக்கு. நாலு வித்துருச்சு. அத்தா இன்னும் மூணு போட்டு எடுத்து வைக்கிறாக. அப்ப தட்டுல ஒம்போதுதானே சார் இருக்கும்?"

தட்டை எண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாகக் கேலி செய்தேன்.

"இது என்ன வடைக் கணக்கா? அத ஒங்க அத்தாட்ட போயிக் கேளு. இங்க நடக்குறது பள்ளிக்கூடத்துக் கணக்கு."

வகுப்பு சிரித்தது. பின்வரிசையிலிருந்து "ஏ வடை!" என்று ஒரு குரல். நான் அதட்டவில்லை. என் பேச்சு எடுபட்டதில் உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். அவள் மட்டும் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "நீங்களே வந்து எண்ணிப் பாருங்க சார்" என்றாள். எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. உண்மையாகவே கூப்பிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. 'கூட்டல் முன், கழித்தல் பின்' என்று நூறு முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக நூறு.

போட்டிக்கு மற்றவளை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஆறாவது கணக்கு 20 − 8 + 5. என் மாணவி கையை ஒழுங்காகத் தூக்கி, சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, 7 என்று எழுதினாள். போட்டி முடிந்ததும் விடைத்தாள் திருத்திய ஆசிரியர், என்னைவிட இளையவர், வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, பிள்ளை நல்லாப் போட்டிருக்கு. இது ஒன்னுதான் போச்சு. கூட்டலும் கழித்தலும் ஒரே படிதானேண்ணே. இடப்பக்கத்துலேருந்து எது முதல்ல வருதோ அத முதல்ல செய்யணும். பதினேழு வரும். நீங்க சொல்லிக் குடுத்தத பிள்ளை மாத்திப் புரிஞ்சுக்கிச்சு போல."

"ஆமா தம்பி, கொழம்பிருச்சு போல" என்றேன்.

ஒரே வாக்கியத்தில் இன்னொரு பிள்ளை மேலும் பழியைப் போட்டேன்.

திரும்பும் பேருந்தில் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று என்ற விடை வர வேண்டுமானால் கணக்கு 10 − (4 + 3) என்று இருக்க வேண்டும். அப்படி ஒரு அடைப்பு அந்தத் தாளில் இல்லை. அதை நானே போட்டுக்கொண்டு, அது இல்லாமல் கணக்கை உள்ளபடி பார்த்தவளைத் தண்டித்திருந்தேன். ஐந்து விரலில் முதல் மூன்று விரலும் எந்தக் கணக்கிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூட்டலுக்குப் பின் கழித்தல் வந்தாலும் தப்பு நேராது. கழித்தல் முதலில் வந்து கூட்டல் பின்னால் வந்தால் மட்டும் அகப்பட்டுக்கொள்வேன். பட்டம் வாங்கிய நான் அவ்வளவு காலம் அதைக் கவனிக்கவே இல்லை. என் விரல்கள் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். அவள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். கையில் சுண்ணக்கட்டி இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அடுத்த வாரம் நாற்பது ஆசிரியர்களுக்கு முன்னால் ஐந்து விரலைச் செய்து காட்ட என்னை அழைத்திருந்தார்கள். அந்த நாற்பது முகங்களை நினைத்துக்கொண்டு, "பாட நூல எடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு தந்திரம் செய்தேன். கழித்தலுக்குப் பின் கூட்டல் வரும் கணக்கைப் பலகையில் எழுதுவதையே நிறுத்தினேன். புத்தகத்தில் வந்தால், "இத விடுங்க, அடுத்தது பாருங்க" என்று தாண்டிவிடுவேன். ஓய்வு பெறும்வரை அப்படியே தாண்டினேன். அவள் எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை பிள்ளைகள் அவளை 'வடை' என்றே கூப்பிட்டார்கள். அவள் என் வகுப்பில் மறுபடி கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

ஓய்வுக்குப் பின் ஆவுடையார்கோவிலில் குடியிருக்கிறேன். போன ஆண்டு, பழைய சக ஆசிரியர் வீட்டுத் திருமணத்துக்காக அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக்குப் பேருந்தில் போனேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமியும் இருந்தார்கள். சிறுமி மடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எட்டிப் பார்த்தேன். வலது கையை விரித்திருந்தாள். இடது கையால் சுண்டு விரலைப் பிடித்திருந்தாள்.

"பாப்பா, அந்த வெரல ஏன் புடிச்சிருக்க?"

"இவன் அவசரக்காரன் தாத்தா. விட்டா மடங்கிருவான்."

என் சொற்கள், ஒன்று மாறாமல்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க சாயங்கால டீச்சர்."

"பஸ் ஸ்டாப்பு டீக்கடை பாய் மக இருக்குல்ல, அதுதான் சார்" என்றாள் தாய். "மாப்ள சவூதில இருக்காக. இது சாயங்காலம் வீட்டு வாசல்ல பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக் குடுக்குது. இருவது முப்பது பிள்ளைக வரும். நல்லாச் சொல்லிக் குடுக்கும் சார்."

நோட்டில் 15 − 6 + 2 என்று இருந்தது. சிறுமி 7 என்று எழுதி, அதைச் சுற்றி அழகாக ஒரு கட்டம் போட்டாள்.

நான் ஒளித்து வைத்ததாக நினைத்தது ஒளிந்திருக்கவில்லை. நான் தாண்டிய கணக்கை அவள் தாண்டவில்லை. எந்தப் பிழையை எதிர்த்து நின்றாளோ அதையே நூறு முறை எழுதி, நம்பி, முப்பது பிள்ளைகளுக்கு நேர்மையாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தேன். அவள் வீட்டுக்குப் போவதற்கு இன்னும் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பலகையாக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"சார்! வாங்க சார், வாங்க. இங்கிட்டு உக்காருங்க. ஏய், அந்தச் சேர இழுத்துப் போடு." பிள்ளைகளிடம் திரும்பினாள். "அஞ்சு வெரல் கணக்கு இருக்குல்ல, அத கண்டுபிடிச்ச சாரு இவுகதான். எல்லாரும் கையத் தூக்குங்க."

முப்பது வலது கைகள் உயர்ந்தன. முப்பது இடது கைகள் முப்பது சுண்டு விரல்களைப் பிடித்தன.

தனியாகப் பேச வேண்டும் என்றேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டு வீட்டின் உள்நடைக்கு அழைத்துப் போனாள். தேநீர் வேண்டாம் என்றேன்.

"பத்துல நாலு போயி மூணு வந்தா என்னம்மா?"

சிரித்தாள். "மூணு சார். மறப்பேனா? நூறு தடவ எழுதுனேன்ல."

"ஒம்போதும்மா. அன்னிக்கி நீ சொன்னதுதான் சரி. கணக்கு தெரியாம அடிச்சது நான். போட்டிக்குப் போன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. எடுக்க மறந்துவிட்டதைப் போல.

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"அந்தப் போட்டிக்குன்னு எங்கம்மா பச்சைப் பாவாடை ஒன்னு தச்சு வச்சிருந்துச்சு சார்" என்றாள். "பெருநாளைக்குத்தான் போட்டேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பதினொன்னாப்புல கணக்கு எடுக்கச் சொன்னாக. மார்க் இருந்துச்சு. எனக்கு வெளிக்கணக்குதான் வரும், பள்ளிக்கூடத்துக் கணக்கு வராதுன்னு சொல்லி நான்தான் வேண்டாம்ட்டேன். ரெண்டும் வேற வேறன்னு நெனச்சிருந்தேன் சார். கடையில ஒம்போது, பள்ளிக்கூடத்துல மூணு. அப்புடித்தான் போலன்னு."

மன்னித்துவிடும்மா என்றேன். அவள் வாசலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"போன மாசம் ஒரு பிள்ளை இதே மாதிரிக் கணக்குல சரியாச் சொன்னுச்சு. அத எந்திரிச்சு நிக்க வச்சேன். நான் யாரையும் நிக்க வைக்கிறதில்ல சார். அந்தக் கணக்குல மட்டும் எனக்கு அப்புடி ஒரு கோவம் வந்துரும்." வாசலுக்கு வந்து, பலகைக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எங்கிட்ட சொன்னது சரி. அதுகள்ட்டயும் சொல்லுங்க."

சுவருக்கு முன்னால் போய் நின்றேன். 10 − 4 + 3 என்று எழுதினேன்.

"மூணு!" என்று மூடிய கைகளை ஆட்டினார்கள்.

"தப்பு. ஒன்பது. ஒங்க மேல தப்பில்ல, டீச்சர் மேலயும் தப்பில்ல. அவங்களுக்கு நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப சரியான விடையத்தான் சொன்னாங்க. நான்தான் அத அடிச்சுட்டேன்."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். பாயின் ஓரத்தில் இருந்த ஒரு குட்டிப்பெண் எழுந்து, "டீச்சர், அன்னிக்கி நானும் அப்புடித்தானே சொன்னேன்! என்னைய நிக்க வச்சீங்கல்ல!" என்றாள்.

"ஆமாடி தங்கம். நீதான் சரி. நான் தப்பு. ஒக்காரு."

"நான் ஒக்கார மாட்டேன். நீங்க நில்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். நாங்கள் இருவரும் எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

அடைப்புக்குறியை விளக்கும் முறை வந்தபோது அவளே சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டாள். "தட்டுல பத்து வடை. நாலு வித்துருச்சு, அப்பறம் மூணு போட்டு எடுத்தோம். எவ்வளவு? ஒம்போது. இன்னொருத்தர் வாராரு. நாலு உளுந்த வடை, மூணு பருப்பு வடை, ஒரே பொட்டலமாக் கட்டுங்கங்கிறாரு. இப்ப தட்டுல எவ்வளவு? மூணு. அடைப்புன்னா பொட்டலம். பொட்டலம் கட்டியிருந்தா அத முதல்ல பாரு. கட்டலன்னா வந்த வரிசையில எண்ணு." இருபது ஆண்டுக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான் அடைப்பை இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை.

"அப்ப வெரலு?" என்றது ஒரு பிள்ளை.

அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். மோதிர விரலை மடக்கினாள். சுண்டு விரலும் கூடவே இறங்கியது. இன்னொரு முறை செய்து பார்த்தாள்.

"அவன் ஒன்னும் அவசரக்காரன் இல்ல. ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வருவாங்க. இனிமே யாரும் புடிக்காதீங்க. விட்டுருங்க."

பிறகு நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து விரலை என்னிடம் கற்றுக்கொண்ட ஆசிரியர்களில் தொடர்பு எண் கிடைத்தவர்களுக்கெல்லாம் பேசினேன். பாதிப் பேர் அதை எப்போதோ தாங்களே திருத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சங்கடம் வேண்டாமென்று சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். "இப்ப எதுக்கு சார் இதெல்லாம், பென்ஷன் வருதுல்ல, நிம்மதியா இருங்க" என்றார் ஒருவர். போட்டிக்கு அழைத்துப்போன மற்றவள் திருப்பூரில் இருக்கிறாள். தொலைபேசியில் கேட்டுவிட்டு, "எனக்கு அந்தக் கணக்கே ஞாபகம் இல்ல சார். நீங்க பரோட்டா வாங்கிக் குடுத்தீங்க, அதுதான் ஞாபகம்" என்றாள்.

டீக்கடைக்காரர் மகளிடம், வாரம் ஒருமுறை பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் தாள்களை வாங்கிக்கொண்டு வருவேன், அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பேன். மன்னித்தேன் என்று அவள் இதுவரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஆறாவதோ ஏழாவதோ சனிக்கிழமை. திருத்தியவற்றைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துக்கொண்டு வந்தவள், ஒன்றில் நின்றாள்.

"சார், இது சரி."

"எதும்மா?"

"நாலாவது கணக்கு. நீங்க அடிச்சிருக்கீங்க."

12 − (5 − 2) + 1. ஒரு பிள்ளை 10 என்று போட்டிருந்தது. பக்கத்தில் என் சிவப்பு மையில் எட்டு.

"அடைப்புக்குள்ள மூணு. மூணும் ஒன்னும் நாலு. எட்டுதானேம்மா" என்றேன்.

பிள்ளைகள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவள் தாளை இறக்கவில்லை.

"இல்ல சார். பத்து. அந்த ஒன்னு பொட்டலத்துக்கு வெளிய இருக்கு. நீங்களே பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. ஒன்பதும் ஒன்றும் பத்து. திருத்தும்போது நான் விரல் மடக்கியிருக்க வேண்டும், என்னை அறியாமலே.

"பத்துதாம்மா. நீ சொன்னதுதான் சரி."

"சாருக்கு வெரல் மடங்கிருச்சு" என்றது பாயின் ஓரத்துக் குட்டி. சிரிப்பு எழுந்தது. அவள் அதட்டவில்லை, நானும் சிரித்தேன்.

"அப்ப ஒரு சரி போட்டுக் குடுங்க சார். பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு" என்று சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

அடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.